வாட்ஸ்அப்பா, மூடுலா, ஜூலிப்பா, டிஸ்கோர்ஸா? நகர எரிசக்தி வகுப்புக்கு எது தாங்கும்

"பில்லில் 480 யூனிட், வீடு 900 சதுர அடி. சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 69 யூனிட் வருது. சரியா சார்?"

நகர எரிசக்திப் பாடத்தின் முதல் பயிற்சியாக அவரவர் வீட்டு கரண்ட் பில்லை அலசச் சொன்னால், இந்தக் கேள்வி வந்தே தீரும். தமிழ்நாட்டில் வீட்டு மீட்டருக்கு ரீடிங் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. மாணவர் பழக்கதோஷத்தில் 12ஆல் பெருக்கிவிட்டார். 6ஆல் பெருக்கினால் 2,880 யூனிட். 900 சதுர அடி என்பது 83.6 சதுர மீட்டர், வகுத்தால் 34.4. அதுவும் பாதி விடைதான். பில் மே, ஜூன் மாதத்துடையது என்றால், ஏசி ஓடிய கணக்கை மார்கழிக்கும் சேர்த்து நீட்டியதாகிவிடும். ஓராண்டின் ஆறு பில்லையும் கூட்டினால்தான் எண்ணை நம்பலாம்.

இதைத் திருத்த இரண்டு நிமிடம் போதும். ஆனால் வகுப்பில் இன்னும் பத்துப் பேர் இதே தப்பைச் செய்திருப்பார்கள், அடுத்த ஆண்டு வருபவர்களும் செய்வார்கள். அந்தத் திருத்தம் எங்கே தங்குகிறது என்பதை வைத்துத்தான் வகுப்பு கூடிப் பேசும் இணையக் கூடத்தைத் (செயலியோ தளமோ) தேர்ந்தெடுக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் பதில் உடனே வரும்; அதைக் குறை சொல்ல முடியாது. ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாம், யாருக்கும் எதையும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிக்கல் மறுநாள் காலையில் தெரியும். 34.4க்கான விளக்கத்தின் மேல் பிறந்தநாள் வாழ்த்தும் "நாளைக்கு கிளாஸ் உண்டா?"வும் ஏறியிருக்கும். அனுப்பியதைத் திருத்த 15 நிமிடம்தான் அவகாசம், தப்பான 69 அப்படியே நிற்கும். இன்னொன்று, குழுவில் எல்லோருடைய கைபேசி எண்ணும் எல்லோருக்கும் தெரியும். வெளியாட்களையும் சேர்க்கும் பாடமென்றால் இது ஒன்றே வேண்டாம் என்பதற்குப் போதுமான காரணம். அறிவிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்: நிர்வாகிகள் மட்டும் எழுதலாம் என்று பூட்டிவிட்டு, தேதியும் இணைப்பும் மட்டும் போடுங்கள்.

விளையாடுவோரிடையே பரவிய அரட்டைச் செயலியான டிஸ்கார்டைப் பற்றி ஒரு வரி (கடைசியில் வரும் டிஸ்கோர்ஸ் வேறு). மாணவர்களுக்குப் பிடிக்கும், குரல் அறைகள் நன்று. ஆனால் சமன்பாடு எழுத அதிலேயே வழியில்லை, கேம் என்று சொல்லிக் கல்லூரி வைஃபையில் தடுத்துவைத்திருந்தால் அதோடு முடிந்தது.

மூடுல் என்ற இணைய வகுப்பறை மென்பொருள் பல கல்லூரிகளில் ஏற்கெனவே இருக்கிறது, மதிப்பெண்ணோடு இணைந்திருக்கிறது. அதில் பலர் தொடாத இரண்டு வசதிகள் இந்தப் பாடத்துக்கென்றே செய்ததுபோல் இருக்கும். ஒன்று, கேள்வி-பதில் வகை விவாதம்: மாணவர் தன் விடையைப் போட்டு, திருத்தும் அவகாசமும் கழிந்த பிறகே மற்றவர் விடை கண்ணுக்குத் தெரியும். மாற்றாவிட்டால் அந்த அவகாசம் 30 நிமிடம். பார்த்து எழுதுவது குறையும், தப்புகளும் அசலாக வரும். மற்றொன்று 'தரவுத்தளம்' என்ற செயல்பாடு. பில் மாதம், யூனிட், பரப்பு, ஏசி எண்ணிக்கை என்று கட்டங்கள் அமைத்தால் 60 வீட்டுக் கணக்கும் ஒரே அட்டவணையாக இறங்கும். யூனிட் கட்டத்தை எண் வகையாக வைக்க மறக்காதீர்கள்; எழுத்து வகையாக விட்டால் "480 யூ", "நானூத்தி எண்பது" எல்லாம் வந்து சேரும், பிறகு சராசரி எடுக்க உட்கார்ந்து சுத்தம் செய்ய வேண்டியதுதான்.

மூடுல் இரண்டு இடத்தில் காலை வாரும். சர்வரில் மூடுலை இயக்கும் பி.எச்.பி. மொழியின் கோப்பு அளவு வரம்பை யாரும் மாற்றாமல் விட்டிருந்தால் அது 2 எம்.பி.; கைபேசியில் எடுத்த பில் படம் 4 எம்.பி. இருக்கும், ஏறாது. மாணவர் நெட்டைத் திட்டுவார். அதைவிடப் பெரிய இழப்பு செமஸ்டர் முடிவில். அடுத்த மாணவர் அணிக்காகப் பாடத்தை நகலெடுக்கும்போது பயனர் தரவை விட்டுவிடுவது வழக்கம். விவாதம் முழுதும் அதோடு போய்விடும், புது அணி காலி வகுப்பறையில் நுழைந்து மறுபடி 12ஆல் பெருக்கும்.

ஜூலிப் அரட்டை மாதிரித்தான் இருக்கும், ஆனால் ஒவ்வொரு செய்தியும் ஒரு தலைப்பின் கீழ் போகும். "பில்: 6ஆ 12ஆ?" என்ற தலைப்பில் நம் கேள்வி நிற்கும், நடுவில் யாராவது சோலார் பற்றிப் பேசினால் அந்தச் செய்திகளைப் பிரித்து வேறு தலைப்புக்கு நகர்த்தலாம். சமன்பாட்டை இரட்டை டாலர் குறிகளுக்குள் எழுதினால் அழகாக விழும். கிலோவாட்டையும் கிலோவாட்-மணியையும் போட்டுக் குழப்பிக்கொள்ளும் வகுப்புக்கு இது பெரிய உதவி. இலவசத் திட்டத்தில் தேடல் கடைசி 10,000 செய்திகளுக்குத்தான் எட்டும். 60 பேர், வாரம் ஆளுக்கு 12 செய்தி, 15 வாரம்: 10,800. செமஸ்டர் முடிவதற்குள் முதல் வாரம் தேடலுக்கு அப்பால் போய்விடும். கல்வி நிறுவனங்களுக்குச் சலுகை உண்டு, முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்; இல்லையென்றால் சொந்த சர்வரில் ஏற்றுங்கள், 2 ஜி.பி. ரேம் தேவை.

பல ஆண்டு நிலைக்க வேண்டுமென்றால் எங்கள் ஓட்டு டிஸ்கோர்ஸுக்கு; இது சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளும் விவாத மன்ற மென்பொருள். புதுக் கேள்வி எழுதத் தொடங்கும்போதே "இதேபோல் முன்பு கேட்டிருக்கிறார்கள்" என்று பழையதை எடுத்துக் காட்டும். போன ஆண்டு விளக்கம் இந்த ஆண்டு மாணவர் கண்ணில் படுவது அந்த நொடியில்தான். சரியான பதிலைத் 'தீர்வு' என்று குறிக்கலாம். தமிழ்த் தேடலில் மட்டும் கவனம்: "மின்கட்டணம்" என்று தேடினால் "மின்கட்டணத்தை" என்று எழுதியது சிக்காமல் போகலாம். அதனால் அலகு, பில், சோலார், ஏசி என்று பத்துக் குறிச்சொற்களை முதல் நாளே போட்டு, ஒன்றாவது கட்டாயம் என்று வையுங்கள்.

நிறுவும்போது மாட்டிக்கொள்வது மின்னஞ்சலில்தான். சர்வரை வாடகைக்குத் தரும் மேகக் கணினி நிறுவனங்கள் பல, அஞ்சல் வெளியே போகும் வழியான 25ஆம் போர்ட்டை அடைத்தே வைத்திருக்கும். அஞ்சல் அனுப்பத் தனிச் சேவையும் 587 போர்ட்டும் அமைக்காவிட்டால் பதிவு உறுதி மடல் யாருக்கும் போகாது. புது உறுப்பினர் ஒரு பதிவில் ஒரு படம்தான் போடலாம் என்ற தடையும் உண்டு. தளம் புதிதாக இருக்கும்வரை அது தளர்ந்திருக்கும், ஆள் சேர்ந்ததும் தானாக இறுகும். ஆகவே முதல் அணிக்கு ஒன்றும் தெரியாது. இரண்டாம் அணி பில், மீட்டர் என்று இரண்டு படம் போட முயலும்போது முட்டும். அமைப்பில் அதை 4 ஆக்கிவிடுங்கள்.

எங்கே வைத்தாலும் பில் படத்தை அப்படியே போட விடாதீர்கள். சர்வீஸ் எண் கிடைத்தால் போதும், பணம் கட்டும் செயலிகளில் பாக்கித் தொகை தெரிந்துவிடும். பெயர், முகவரி, எண் மூன்றையும் வெட்டிவிட்டு ரீடிங் பகுதியை மட்டும் ஏற்றச் சொல்லுங்கள்.

ஒரே அணி, ஒரே செமஸ்டர் என்றால் மூடுலும் பூட்டிய வாட்ஸ்அப் குழுவும் போதும். ஆய்வு மாணவர்கள் தினமும் பேசிக் கணக்குப் போடும் சிறு வகுப்புக்கு ஜூலிப். டிஸ்கோர்ஸைத் தொடங்குமுன் துறையில் ஒருவரிடம் கேளுங்கள்: மாதம் ஒருமுறை புதுப்பித்து, காப்புப் பிரதியை வேறு கணினியில் எடுத்துவைத்து, டொமைன் கட்டணத்தை மறக்காமல் கட்டுவாரா? அவர் கைவிரித்தால் ஜூலிப்பிலேயே இருங்கள்.