பாஸ் பட்டன் மட்டும் இல்லாதிருந்தால்: ஒரு ஏரிங்க் 429 யூஎஸ்பி கருவி

ஏரிங்க் 429 என்பது விமானக் கருவிகள் ஒன்றுக்கொன்று தரவு அனுப்பும் முறை. யூஎஸ்பியில் செருகி, பெஞ்சில் இருக்கும் அசல் விமானக் கருவிகளுக்கு அந்தத் தரவை அனுப்பும் இந்தக் கருவியின் விலை இறங்கிவிட்டதே, வாங்கலாமா என்று நண்பர் கேட்டதால் இது.

வன்பொருளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விநாடிக்கு 12.5, 100 கிலோபிட் என்ற இரு வேகத்திலும் ஒரு சொல்லுக்கும் (32 பிட் தரவுத் துண்டு) அடுத்ததற்கும் இடையே 4 பிட் இடைவெளி பிசகுவதில்லை. கேபிளின் ஷீல்டை இரு முனையிலும் எர்த் செய்துவிட்டால் பேரிட்டி (பிட் பிசகைக் காட்டிக்கொடுக்கும் சோதனை பிட்) பிழையும் தலைகாட்டாது. சொல்லில் இருப்பது என்ன தரவு என்று சொல்லும் எட்டடிமான எண்தான் லேபிள். அதைத் தலைகீழாகக் காட்டும் கருவிகள் உண்டு, 203 அனுப்பினால் பிட் வரிசை திரும்பி 301 என்று நிற்கும். இதில் அந்தத் தொல்லை கிடையாது.

எரிச்சல் முழுக்க மென்பொருளின் பாஸ் (இடைநிறுத்தும்) பட்டன் மேல்தான். அழுத்தினால் மதிப்பு உறைந்து நிற்க வேண்டும். இதுவோ அனுப்புவதையே நிறுத்திவிடுகிறது! உயரத்துக்கான 203 விநாடிக்குப் பதினாறு முறையாவது போக வேண்டிய லேபிள். அது நின்றதும் எதிரே இருக்கும் அசல் டிஸ்ப்ளே, உயரம், வேகம் கணக்கிட்டு அனுப்பும் ஏர் டேட்டா கணினியே போய்விட்டது என்று முடிவுகட்டி எச்சரிக்கைக் கொடியைக் காட்டிவிடும். டிஸ்ப்ளே மேல் தப்பில்லை, விமானத்திலும் அது அப்படித்தான் நடக்க வேண்டும்.

ஆகவே பாஸைத் தொடாதீர்கள். அனுப்பும் அட்டவணையை ஓடவிட்டு, மதிப்பு தரும் மாடலை (பறப்பைப் பாவனை செய்யும் நிரல்) மட்டும் நிறுத்துங்கள். டிஸ்ப்ளேக்கு இது போதும், பயண வழியைக் கணக்கிடும் எஃப்எம்சி பெட்டிக்குப் போதாது. விமானம் இருக்கும் இடம் அசையவில்லை, தரைவேகமோ 250 நாட் என்று வந்துகொண்டே இருந்தால் அதன் நேரக் கணக்கும் எரிபொருள் கணக்கும் கோணலாகும். ஃப்ரீஸ், இடமாற்றம் போன்றவற்றைப் பெட்டிக்கே தெரிவிக்கும் வழிகளை ஏரிங்க் 610 (அசல் விமானப் பெட்டிகளைச் சிமுலேட்டரில் பயன்படுத்துவதற்கான தரநிலை) வகுத்திருப்பது இதற்காகத்தான். பெட்டி அதை ஏற்கும் ரகமா என்று வாங்கும்முன் பாருங்கள்.

இன்னொன்று. அமைப்புக் கோப்பை மறுபடி ஏற்றினால் குறியையும் தரவின் நிலையையும் சொல்லும் எஸ்எஸ்எம் பிட்கள் (30, 31) எல்லா லேபிளிலும் 00 ஆகிவிடும். பிசிடி (ஒவ்வொரு இலக்கமும் தனித்தனி பிட்களில்) லேபிளில் 00 என்றால் கூட்டல் குறி, எனவே 230 ஒழுங்காக வரும். பிஎன்ஆர் (முழு மதிப்பும் ஒரே இரும எண்ணாக) லேபிளில் அதே 00 பழுது என்று பொருள்படும், 210 விழுந்துவிடும். இரண்டுமே உண்மை வான்வேகம்தான். ஒன்று வந்து மற்றது வராததைப் பார்த்தவுடன் ஒயரைக் கழற்றத் தொடங்காமல், பிஎன்ஆர் லேபிள்களுக்கு 11 போட்டுக் கோப்பைச் சேமியுங்கள்.

பெஞ்சுக்கு இந்த விலையில் இதைவிட நல்ல கருவி நான் பார்த்ததில்லை. ஆனால் போன வாரம் வந்த அப்டேட்டிலும் பாஸ் அப்படியே இருக்கிறது. இன்றைக்குக் கேட்டால், வாங்காதீர்கள்.