விக்ட்ரான் ஸ்மார்ட்ஷன்ட்: இரண்டாவது பேட்டரிக்கு ஒரு கணக்குப்பிள்ளை

ஃபோர் வீல் டிரைவில் ஃபிரிட்ஜ், கேம்ப் லைட், இன்வெர்ட்டர் என்று சேரச் சேர, எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியைத் தவிர இரண்டாவது பேட்டரி இல்லாமல் முடியாது. அடுத்த ஊருக்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட வேண்டியிருக்கும் ஆஸ்திரேலிய உள்நாட்டில் இது சர்வ சாதாரணம். ஆனால் அந்தப் பேட்டரியைக் கவனிக்க டேஷ்போர்டில் ஒரு வோல்ட் மீட்டரைப் பொருத்துவதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். அது போதாது.

வோல்ட்டை வைத்துச் சார்ஜைச் சொல்ல வேண்டுமானால், பேட்டரி சில மணி நேரமாவது சும்மா கிடந்திருக்க வேண்டும். ஏஜிஎம் (மூடிய வகை லெட்-ஆசிட் பேட்டரி) என்றால் ஓய்வில் 12.8 முழுசு, 12.2 ஏறக்குறையப் பாதி. ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் ஓடும்போது 12.3 காட்டும், நின்றதும் 12.5க்கு ஏறும். எதை நம்புவது? லித்தியம் அயர்ன் பாஸ்பேட் இன்னும் கஷ்டம்: 80 சதவீதத்துக்கும் 40 சதவீதத்துக்கும் வோல்ட்டில் பெரிய வித்தியாசமே தெரியாது. வரவு செலவை ஆம்ப்ஸில் எண்ணினால்தான் இருப்பு தெரியும். அந்த வேலைக்கு, கேபிளில் ஓடும் ஆம்ப்ஸை அளக்கும் ‘ஷன்ட்’ வகைக் கருவியான விக்ட்ரான் கம்பெனியின் ஸ்மார்ட்ஷன்ட் 500 நல்ல தேர்வு.

பார்க்க ஒரு கையடக்கக் கறுப்புப் பெட்டி, இரு முனையிலும் எம்10 போல்ட். பேட்டரியின் நெகட்டிவ் கேபிளுக்கு நடுவே உட்காரும். டிஸ்ப்ளே கிடையாது; ப்ளூடூத் வழியாக விக்ட்ரான்கனெக்ட் ஆப்பில் பார்க்க வேண்டும். அது தனக்கென்று இழுப்பது 1 மில்லிஆம்புக்கும் குறைவு. 500 ஆம்ப்ஸ் ஓடினால் அதன் குறுக்கே விழுவது 50 மில்லிவோல்ட். ஃபிரிட்ஜின் 4 ஆம்ப்ஸுக்கு வெறும் 0.4 மில்லிவோல்ட். இவ்வளவு நுணுக்கமாக அளப்பதால், மாட்டியதும் ஒரு தடவை லோடு பக்கக் கேபிளைக் கழற்றி, ஆப்பில் ஜீரோ கரன்ட் காலிபரேஷன் செய்துவிடுங்கள்: எதுவும் ஓடாத அந்த நிலைதான் ஜீரோ என்று அது பதிந்துகொள்ளும்.

தவறு நடப்பது பெரும்பாலும் வயரிங்கில்தான். இரண்டாவது பேட்டரியின் நெகட்டிவ் முனையில் ஷன்ட்டுக்குப் போகும் கேபிள் ஒன்று மட்டும்தான் இருக்க வேண்டும். பாடி எர்த், ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், டிசி-டிசி சார்ஜர் (வண்டி ஓடும்போது இரண்டாவது பேட்டரியை ஏற்றுவது), சோலார் ரெகுலேட்டர் எல்லாவற்றின் நெகட்டிவும் ஷன்ட்டின் மறுமுனைக்குத்தான் வர வேண்டும். ஃபிரிட்ஜ் நெகட்டிவை நேராகப் பேட்டரி முனையில் மாட்டியிருந்தால், அது நாளெல்லாம் இழுத்தாலும் கணக்கில் ஏறாது. சராசரி 2 ஆம்ப்ஸ் என்றாலும் ஒரு நாளைக்கு 48 ஏஎச் (ஆம்ப்-ஹவர், பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு). 100 ஏஎச் ஏஜிஎம்மில் பாதி போய்விடும், ஆப்போ முழுசாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கும். சோதிப்பது சுலபம்: ஒவ்வொரு லோடாகப் போட்டு, ஆப்பில் எண் நகர்கிறதா பாருங்கள். கேபிளைச் சுற்றிக் கவ்வி ஆம்ப்ஸை அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். போல்ட்டை 21 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்க வேண்டாம்.

அடுத்தது செட்டிங். பேட்டரியின் ஏஎச்சைப் போட்டுவிட்டு மற்றதை அப்படியே விடுபவர்கள் அதிகம். லித்தியத்துக்குப் பியூகர்ட் எண்ணை (வேகமாக இழுத்தால் கொள்ளளவு எவ்வளவு குறையும் என்பதற்கானது) 1.25லிருந்து 1.05 ஆகவும், சார்ஜ் எஃபிஷியன்ஸி 95ஐ 99 ஆகவும் மாற்றுங்கள். அதைவிட முக்கியம் ‘சார்ஜ்டு வோல்டேஜ்’. வோல்ட் இதைத் தாண்டி, உள்ளே போகும் ஆம்ப்ஸ் ‘டெயில் கரன்ட்’டுக்குக் கீழே இறங்கி, குறித்த நேரம் அப்படியே இருந்தால் பேட்டரி நிறைந்தது என்று ஷன்ட் முடிவு செய்யும். கம்பெனியிலிருந்து இது 13.2 என்று வருகிறது, டெயில் கரன்ட் ஏஎச்சில் 4 சதவீதம், நேரம் 3 நிமிடம். வெயில் இறங்கிய சாயங்காலத்தை நினைத்துப் பாருங்கள்: சோலாரிலிருந்து 3 ஆம்ப்ஸ், ஃபிரிட்ஜ் நின்றிருக்கிறது, 100 ஏஎச் லித்தியம் 13.4 வோல்ட்டில். 13.2ஐத் தாண்டியாயிற்று, 4 ஆம்ப்ஸுக்குக் கீழேயும் இருக்கிறது. மூன்றே நிமிடத்தில் 70 சதவீதப் பேட்டரியை 100 என்று எழுதிவிடும். சார்ஜரின் அப்சார்ப்ஷன் (நிரப்பும் கடைசிக் கட்டத்து வோல்ட்) 14.4 என்றால் இங்கே 14.1 அல்லது 14.2 வையுங்கள். மிகவும் இறுக்கிவிட்டாலும் தொல்லைதான்: சார்ஜர் அந்த நிலையை எட்டாமலே ஃப்ளோட்டுக்கு (நிறைந்த பேட்டரியைத் தாங்கி வைக்கும் குறைந்த வோல்ட்டுக்கு) போனால் நூறைத் தொடாது, சின்னச் சின்னப் பிழைகள் நாளுக்கு நாள் சேரும்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் செல்ஃப் பேட்டரியையும் இதே ஷன்ட்டில் பார்க்கலாம். ஃபியூஸோடு இரண்டு மெல்லிய வயர்கள் கூடவே வருகின்றன. ஒன்று இரண்டாவது பேட்டரியின் பாசிட்டிவுக்கு, மற்றது ஷன்ட்டின் ஆக்ஸ் (கூடுதல்) முனையிலிருந்து செல்ஃப் பேட்டரியின் பாசிட்டிவுக்கு. ஷன்ட் டிக்கியில் இருந்தால் வயரை நீட்ட வேண்டியிருக்கும். அப்போது ஃபியூஸ் பேட்டரி முனையில்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதியில் உரசிப்போன வயர் பாடியைத் தொட்டால் பற்றிக்கொள்ளும். இதில் வோல்ட் மட்டும்தான் தெரியும், ஆம்ப்ஸ் தெரியாது. செல்ஃப் பேட்டரிக்கு அது போதும்: இரவெல்லாம் நின்ற பிறகு காலையில் 12.6க்கு மேல் இருந்தால் கவலையில்லை. தேவைக்கேற்ப வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் ஓடும்போதே 12.6 காட்டினால் பதற வேண்டாம், வண்டியே அப்படிக் குறைத்து வைக்கும்.

குறை என்றால் சத்தம் போட பஸ்ஸர் இல்லை, தானாகவே லோடை நிறுத்த ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) இல்லை. பேட்டரி இறங்கினாலும் ஆப்பைத் திறந்தால்தான் தெரியும். தூங்கும்போது எச்சரிக்கை வேண்டுமென்றால் அதே கம்பெனியின் பிஎம்வி-712 வாங்குங்கள்: 52 மில்லிமீட்டர் துளையில் உட்காரும் வட்ட டிஸ்ப்ளே, பஸ்ஸர், ரிலே எல்லாம் உண்டு. ஆனால் அந்த ரிலே 1 ஆம்புக்குத்தான். ஃபிரிட்ஜை அதில் நேராக மாட்டக் கூடாது, பெரிய ரிலேயை இயக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

இரண்டிலுமே ஹிஸ்டரி பக்கத்தை வாரம் ஒரு முறை திறந்து பாருங்கள். அதிக ஆழ டிஸ்சார்ஜ் எத்தனை ஏஎச், கடைசியாக முழுச் சார்ஜ் ஆகி எத்தனை நாள் ஆயிற்று என்று இருக்கும். ஏஜிஎம்மில் அந்த இரண்டாவது எண் பத்து நாளைத் தாண்டியிருந்தால், அன்றிரவே வீட்டில் மெயின்ஸ் சார்ஜரைப் போட்டு நிரப்பிவிடுங்கள்.