காரைக்குடியில் டெங்கு டெஸ்ட் எடுக்க நல்ல லேப்

காய்ச்சல் என்று போய் நின்றவுடன் கையை நீட்டச் சொல்லாமல், "என்னைக்கு ஆரம்பிச்சது, முன்னாடி டெங்கு வந்திருக்கா, மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டிருக்கீங்களா" என்று கேட்ட லேப் இது. செக்காலை ரோட்டுப் பக்கம், மாடியில் இருக்கிறது. வயசானவர்களுக்குப் படி ஏறுவது சிரமம்தான், ஆனாலும் நான் இங்கேதான் போகச் சொல்வேன்.

அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த மறுநாளே வேறொரு இடத்தில் கார்டு டெஸ்ட் (சொட்டு ரத்தம் விட்டால் கோடு காட்டும் உடனடி டெஸ்ட்) எடுத்து, ஐஜிஜி (கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியில் ஒரு வகை) கோடு மட்டும் தெரிந்ததற்கு "டெங்கு பாசிட்டிவ்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள், வீடே பதறிப்போனது. இங்கே இருக்கிற டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, ஐஜிஜி என்பது பழைய தொற்றிலிருந்தே வருஷக்கணக்கில் ரத்தத்தில் தங்கும், இப்போது வைரஸ் இருக்கிறதா என்று ஆரம்ப நாட்களில் காட்டுவது வைரஸ் வெளிவிடும் என்எஸ்1 என்ற புரதம்தான், புதுத் தொற்றுக்கு முதலில் வரும் ஐஜிஎம் ஆன்டிபாடி தெரியவே பொதுவாக நாலைந்து நாள் ஆகும் என்று சொல்லி, லேப் கருவியில் பார்க்கும் என்எஸ்1 எலைசா டெஸ்ட் எடுத்தார். நெகட்டிவ். அதோடு விடாமல், தட்டணுக்களை மறுநாளும் பார்க்கச் சொன்னார்.

சரி, அந்தக் கோடு ஏன் இப்படிக் குழப்புகிறது என்று கேட்டேன். பேப்பரில் படம் போட்டே விளக்கினார். டெங்கு வைரஸின் மேல்தோலில் ஈ (E) என்ற புரதம் 180 இருக்கிறது, ஜோடி ஜோடியாகப் படுத்திருக்கும். ஒவ்வொன்றிலும் மூன்று பகுதி. இரண்டாம் பகுதியின் நுனியில் ஒரு சின்ன வளைவு, செல்லின் சவ்வோடு வைரஸ் இணைவதற்கு அதுதான் வேண்டும், அதனால் அது அவ்வளவாக மாறுவதே இல்லை. டெங்குவின் நாலு வகை, ஜிகா, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் எல்லாமே பங்காளி வீட்டுப் பிள்ளைகள், முகஜாடை ஒட்டுவது இந்த இடத்தில்தான். இங்கே ஒட்டும் ஆன்டிபாடி எல்லாவற்றிலும் ஒட்டும், கோடு குழப்புவது அதனால்தான், ஆனால் வைரஸை அடக்கும் பலம் பெரும்பாலும் குறைவு. சில சமயம் வைரஸ் நம் வெள்ளை அணுக்களுக்குள் நுழைய அதுவே வழிவிடும். இரண்டாவது தடவை வேறு வகை டெங்கு வந்தால் கடுமையாவதற்கு இதை முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். மூன்றாம் பகுதி வகைக்கு வகை மாறும், அங்கே ஒட்டுகிறவற்றில் சில அந்த வகையைப் பலமாகத் தடுக்கும்.

ஆன்டிபாடி எங்கே ஒட்டுகிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்களாம்? புரதத்தில் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக அலனின் என்ற சின்ன அமினோ அமிலமாக மாற்றிப் பார்ப்பார்கள், எதை மாற்றினால் ஒட்டாமல் போகிறதோ அதுதான் இடம். இல்லையென்றால் வைரஸையும் ஆன்டிபாடியையும் சேர்த்து உறைய வைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுப்பார்கள். அதெல்லாம் பெரிய ஆராய்ச்சிக்கூட வேலை, எங்களிடம் அந்த வசதி கிடையாது என்று அவரே வெளிப்படையாகச் சொன்னது எனக்குப் பிடித்தது. அப்புறம், சிக்குன்குனியா வேறு குடும்பம், மூட்டுவலி இருந்தால் அதற்குத் தனி டெஸ்ட் எடுக்கணும் என்றார்.

குறை என்றால், ரிசல்ட் சாயங்காலம்தான் வரும், எலைசாவுக்குக் கார்டைவிடக் காசும் கூட. மழை பெய்து, பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளின் வளவில் தண்ணீர் தேங்கி, ஊரெல்லாம் கொசு பெருகுகிற கார்த்திகையில் கூட்டம் அதிகம், காலையிலேயே போய்விடுங்கள். எந்த நாள் காய்ச்சல் தொடங்கியது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பழைய ரிப்போர்ட் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள், கட்டாயம் கேட்பார்கள்.