எடின்பரோவில் பேய் யார் வீட்டில்?

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்துப் போலீஸ் கதை, கூடவே கொஞ்சம் அமானுஷ்ய வாடை. இதற்கு இரண்டு நாவல்கள் உண்டு: ஜேம்ஸ் ஆஸ்வால்டின் 'நேச்சுரல் காசஸ்', இயன் ரான்கினின் 'நாட்ஸ் அண்ட் கிராஸஸ்' (1987).

ஆஸ்வால்டு நேரடியாகவே இறங்கிவிடுகிறார். 60 வருடமாக அடைத்துக் கிடந்த அறை. உள்ளே சடங்குக் கொலைக்குப் பலியான இளம்பெண். இது மனிதன் வேலைதானா என்ற சந்தேகம் கடைசிவரை விடாது.

ரான்கினிடம் பேயே கிடையாது. துப்பறியும் ரீபஸுக்கு மொட்டைக் கடிதங்கள் வருகின்றன. ஒன்றில் முடிச்சுப் போட்ட நூல், இன்னொன்றில் தீக்குச்சிச் சிலுவை. அவ்வளவுதான், ஆனால் முதுகு சில்லிடுகிறது. ரீபஸ் பூட்டிவைத்த ராணுவ நினைவைத் திறப்பதோ மேடையில் ஹிப்னாடிசம் செய்யும் தம்பி! ஒரே ஆளுக்குள் நல்லவனும் கொடியவனும் குடியிருக்கும் ஜெகில்-ஹைடு கதையை மனத்தில் வைத்து எழுதியதாக ரான்கினே சொல்லியிருக்கிறார்.

ராத்திரியில் பயந்துகொண்டே படிக்க ஆஸ்வால்டு. எனக்கென்னவோ ரீபஸ்தான். கொலையாளியைக் கொஞ்சம் முன்னாலேயே ஊகித்துவிட்டேன், சரி, போகட்டும்.