பழைய புல்லட் 350-உம் இப்போது கிடைக்கிற பாயிண்ட்டும்

போன வாரம் என் பழைய புல்லட்டில் மறுபடியும் பாயிண்ட் மாற்றினேன். பிளக்கில் பொறி எப்போது வர வேண்டும் என்று முடிவுசெய்கிற, திறந்து மூடுகிற சின்ன ஸ்விட்ச் அது. அந்த எரிச்சல் ஆறுவதற்குள், கூட வேலை பார்க்கிற தம்பி ஒருவன், "அண்ணே, பழைய புல்லட் ஒண்ணு விலைக்கு வருது, எடுக்கலாமா?" என்று கேட்டான்.

என்னுடையது 1996 மாடல். வார்ப்பிரும்பு எஞ்சின், வலது காலில் கியர், நம்ம திருவொற்றியூரில் செய்தது. மைலேஜ், எடை எல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், விடுங்கள்.

என் கோபம் முழுக்க, இப்போது கடைகளில் தள்ளிவிடுகிற உருப்படாத பாயிண்ட் மேல்தான். சுழன்று பாயிண்ட்டைத் திறக்கிற கேமில் உரசுகிற அதன் ஃபைபர் கட்டை சீக்கிரமே தேய்ந்துவிடுகிறது. பாயிண்ட் திறக்கும்போது 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி, கட்டை தேயத் தேயக் குறைகிறது. பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங், அதாவது பொறி வருகிற நேரம், பின்னால் போகும். அப்புறமென்ன, இழுவை செத்து, எஞ்சின் கொதித்து, சைலன்ஸரில் பட்பட்டென்று வெடிக்கும். ஊரில் ஒரு பட்டறையில் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள், பிளக் மாற்றினார்கள், கடைசியில் "சிலிண்டர் போர் போச்சு சார், எஞ்சினை இறக்கிடலாம்" என்றார்கள். பாயிண்ட் மூடியைத் திறந்து பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இடைவெளியை அளக்கிற ஃபீலர் கேஜே அங்கே இல்லை. வயிறு எரிகிறது.

ஆனால் காலையில் கிக்கர் உதைக்கிற அந்த ஒரு நிமிஷத்தை நான் எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். சாவியைப் போட்டு, ஹெட்லைட் மேலே, மின்னோட்டம் காட்டுகிற அம்மீட்டரைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெல்ல அமுக்க வேண்டும். பாயிண்ட் மூடியிருக்கும்போது ஊசி இடப்பக்கம் சாய்ந்திருக்கும். திறந்த நொடியில் நடுவுக்கு வந்து நிற்கும். பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று எதையும் கழற்றாமலே தெரிந்துவிடுகிறது! அங்கே டீகம்ப்ரசரை, அதாவது சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடுகிற கைப்பிடி லிவரை, பிடித்துக் கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்கி, கையை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழுசாக ஒரு உதை. இடைவெளி சரியாக இருந்தால் அதிலேயே பிடித்துக்கொள்ளும். பலமே வேண்டாம், என் மகளே உதைத்து எடுப்பாள்.

இழுவைக்கு கொல்லிமலை ஒன்று போதும். காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவு. 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம், எதற்கு என்று அங்கேதான் புரியும். வளைவில் வேகம் செத்த பிறகும், லேசாகத் திருகினால் திணறாமல் டப் டப்பென்று ஏறுகிறது.

2021-இல் வந்த புது கிளாசிக் 350-ஐயும் ஓட்டிப் பார்த்தேன். பேலன்சர் ஷாஃப்ட், கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்‌ஷன், பட்டனைத் தொட்டால் ஓடுகிறது, நடுக்கமும் அடங்கிவிட்டது. நல்ல வண்டி, மறுக்கவில்லை. ஆனால் காலையில் அதில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. பழையதில் பாயிண்ட்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுவிடு என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். போட்டால் பாயிண்ட் தொல்லை தீரும்தான். ஊசி பார்த்து உதைக்கிற சுகமும் அதோடு போகும். போட மாட்டேன்.

தம்பிக்குச் சொன்னது இதுதான்: வாங்காதே, புதுசையே எடு. உன் வீட்டுப் பக்கம் ஃபீலர் கேஜ் வைத்திருக்கிற மெக்கானிக் ஒருவராவது இருந்தால் மட்டும் கூப்பிடு, வண்டி பார்க்க நானும் வருகிறேன். முதலில் பாயிண்ட் மூடியைத் திறந்து காட்டச் சொல்வோம்.