கொழும்பில் ஓடும், நுவரெலியாவில் படுக்கும்: ஏழு வருட லெப்டொப் அனுபவம்

இந்த லெப்டொப்பை 2018 டிசம்பரில் வாங்கினேன். இன்டெல் கோர் ஐ5, 8250யூ புரொசசர், 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி. கொம்பனியின் பெயர் வேண்டாம், நடந்ததில் பாதிக் குற்றம் என்னுடையது. நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வகுப்பறையில் பிளக் பொயின்ட் இல்லை. அதனால் பெட்டரியில் எப்படி ஓடுகிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

முதல் மூன்று வருடம் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. நல்லாத்தான் ஓடியது.

2022இல் கரண்ட் கட் தொடங்கியது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். கரண்ட் வந்ததும் ஓடிப்போய்ச் சார்ஜில் போடுவேன், நூறு வரும்வரை எடுக்கமாட்டேன். அப்புறம் தானாக அணையும்வரை பாவிப்பேன். மாதக்கணக்கில் இதே கூத்து. பெட்டரியைக் கொல்ல இதைவிட நல்ல வழி இல்லை என்பது அப்போது தெரியாது.

அடுத்த வருடம் வியாதி வந்தது. சார்ஜர் குத்தியிருந்தால் பழைய வேகம். கழற்றினால் வேர்டில் ஒரு எழுத்து அடித்து, அது திரையில் வரும்வரை காத்திருக்க வேண்டும். டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். "டீச்சர், ரேம் கூட்டினா பறக்கும்" என்றார் கடைத் தம்பி. ரேம் குறைவு என்றால் சார்ஜரிலும்தானே மெதுவாக ஓட வேண்டும் என்று கேட்டதற்கு, "அப்ப வைரஸ்" என்றார். சரி என்று ஃபோர்மெட் பண்ணக் கொடுத்தேன். டெஸ்க்டொப் சுத்தமானது, வேகம் அப்படியே இருந்தது.

பிறகு நானே உட்கார்ந்தேன். விண்டோஸ் 10இல் கீழே பெட்டரிப் படத்தை அழுத்தினால் ஒரு வழுக்குப் பட்டை வரும். இடது முனையில் இருந்தால் பெட்டரியை மிச்சம் பிடிக்கும், வலது முனையில் முழு வேகம். என்னுடையது இடது முனையில் கிடந்தது. கரண்ட் கட் காலத்தில் நானே தள்ளிவைத்து மறந்திருக்கிறேன். விண்டோஸ் 11இல் இது செட்டிங்ஸில் பவர் பகுதிக்குள் இருக்கிறது. பெட்டரி 20 சதவீதத்துக்குக் கீழே போனால் பெட்டரி சேவர் தானாக விழுவதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டையை வலது பக்கம் தள்ளினேன், பகலில் நல்ல மாற்றம். தீர்ந்தது என்று ஸ்டாஃப் ரூமில் பிரசங்கமே செய்தேன்.

ஆனால் காலை முதல் பாடத்தில் மட்டும் அதே ஆமை.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மெனேஜர் வரும். அதில் பெர்ஃபோமன்ஸ், பிறகு சிபியு. அங்கே ஸ்பீட் என்று ஓர் எண் கிகாஹேட்ஸ் கணக்கில் ஓடும், அதுதான் புரொசசரின் அந்த நேரத்து வேகம். யாரிடமும் காசு கொடுக்கும் முன் பார்க்க வேண்டியது இதைத்தான். விண்டோஸ் தானாகச் சிக்கனம் பிடிக்கும்போது எண் குறையும், ஆனால் வேலை கொடுத்தால் கொஞ்சமாவது ஏறும், இறங்கும். என்னுடையது 0.39இல் ஆணி அடித்ததுபோல நின்றது. இந்த புரொசசரின் அடிப்படை வேகமே 1.6 கிகாஹேட்ஸ், உச்சம் 3.4. யாரோ கழுத்தைப் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அது யார் என்பது கொழும்பு வெள்ளவத்தையில் தெரிந்தது. 2024 ஜனவரியில் அக்கா வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். சார்ஜர் இல்லாமலே 2 கிகாஹேட்ஸுக்கு மேல் அலட்டாமல் ஓடியது. குணமாகிவிட்டது என்று நினைத்து மலையேறி வந்தேன். மறுநாள் காலை ஏழரைக்குத் திறந்தால் மறுபடி 0.39. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம், ஜனவரி விடியற்காலை குளிரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எங்கள் லயத்தில், அதுதான் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், தாத்தா ரேடியோவின் பெட்டரிக் கட்டைகளை வாசலில் வெயிலில் காயவைப்பார். போட்டதும் இன்னும் இரண்டு நாள் பாட்டு வரும். விஞ்ஞான டீச்சர் எனக்கு அது உடனே ஞாபகம் வரவில்லை, வெட்கமாகத்தான் இருக்கிறது. பழைய பெட்டரியில் அகத்தடை, அதாவது உள்ளேயே மின்னோட்டத்தை மறிக்கும் தடை, கூடும், குளிர் அதை இன்னும் கூட்டும். புரொசசர் திடீரென்று அதிக மின்னோட்டம் இழுத்தால் வோல்டேஜ் சரியும். மெஷின் அணைந்துபோகாமல் இருக்க, உள்ளே உள்ள கட்டுப்பாடு புரொசசரை அமுக்கிவிடுகிறது. ஆப்பிள் நிறுவனம் பழைய பெட்டரி உள்ள ஐஃபோன்களை இதே காரணத்துக்காக மெதுவாக்கி, 2017 டிசம்பரில் மன்னிப்புக் கேட்டு, பெட்டரி மாற்றும் விலையை 79 டொலரிலிருந்து 29க்கு இறக்கியது. அங்கே சொல்லாமல் செய்ததுதான் சண்டை.

அக்கா மகன் த்ரொட்டில்ஸ்டொப் என்ற மென்பொருளைப் போட்டு, அந்தக் கழுத்துப்பிடியை எடுத்துவிட்டான். வேகம் வந்தது! கால்மணி நேரத்தில், 35 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே, தரம் 10 புள்ளிகளைப் பதிந்துகொண்டிருந்த என் கண் முன்னால் அணைந்தது. பெட்டரி நலிந்திருக்கும்போது இந்த வேலை வேண்டாம்.

கமாண்ட் ப்ரொம்ப்டில் பவர்சிஎஃப்ஜி என்ற கட்டளையை, பெட்டரி ரிப்போர்ட் கேட்டு அடித்தால் விண்டோஸ் ஓர் அறிக்கை எழுதித் தரும். சரியான எழுத்துக்கூட்டை கூகுளில் ஒரு நொடியில் எடுக்கலாம். அதில் இரண்டு எண் போதும், புதிதில் எவ்வளவு கொள்ளும், இப்போது எவ்வளவு கொள்ளும். எனக்கு 41 வாட்-மணி 22ஆக இறங்கியிருந்தது. டச்பேட் கொஞ்ச நாளாகவே அழுத்தக் கல்லாக இருந்ததையும் லெப்டொப் பழசானதால் என்று நான் விட்டிருந்தேன். அடியைக் கழற்றினால் பெட்டரி ஊதி அதைத் தூக்கிக்கொண்டிருந்தது. இது விளையாட்டு இல்லை, டச்பேட் தூக்கினால் அன்றைக்கே பாவிப்பதை நிறுத்துங்கள்.

முதலில் வாங்கிய மலிவுப் பெட்டரி வேகத்தைத் தந்தது, ஆனால் 40 காட்டிவிட்டு நேரே பூச்சியத்துக்குக் குதிக்கும். சண்டை போட்டு மாற்றி, கூடக் காசு கொடுத்து ஒரிஜினல் போட்டேன். அதோடு பயோஸில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் வரும் மெஷினின் சொந்த செட்டிங்ஸில், சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருந்தது, ஐந்து வருடமாகக் கண்ணில் படவில்லை. இப்போது அதில்தான் வைத்திருக்கிறேன். ஜனவரிக் காலையிலும் 0.39 வரவில்லை. கீல் மட்டும் தளர்ந்துவிட்டது, திரையைச் சுவரில் சாய்த்துத்தான் வைக்க வேண்டியிருக்கிறது.

ஒரு விஷயம், சார்ஜர் குத்தியிருக்கும்போதும் உங்களுடையது மெதுவாக ஓடினால் என் கதை பொருந்தாது. சில மெஷின்களின் சார்ஜர் முனையில் நடுவே ஒரு மெல்லிய ஊசி இருக்கும், அதுதான் சார்ஜர் எத்தனை வாட் என்று சொல்லும். அது உடைந்தாலும் இதே ஆமைதான். முதலில் சார்ஜரை மாற்றிப் பாருங்கள்.

ஊதிய பழைய பெட்டரியை ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தேன். ஊரிலிருந்து வந்த அப்பா கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "வெயில்ல வச்சுப் பாத்தியா?" என்றார். பிடுங்கிக்கொண்டுபோய் மணல் போட்ட தகர டின்னில் வைத்து, வீட்டுக்கு வெளியே தள்ளி வைத்தேன்.