மாஸ்டர்கேமின் ஸ்டாக் மாடல்: வி.எம்.சி. புரோகிராமர்களுக்காக ஒரு மதிப்பீடு

புதுச்சேரியின் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளிலும் கடலூர் சிப்காட் ஆலைகளை நம்பியிருக்கும் பட்டறைகளிலும் வி.எம்.சி. (கணினி கட்டளையில் ஓடும் செங்குத்து வெட்டு இயந்திரம்) ஓட்டுபவர்கள், அதற்கான புரோகிராம் எழுதித் தரும் மென்பொருளான மாஸ்டர்கேமை எடைபோடும்போது, எத்தனை வகை டூல்பாத் (கட்டர் செல்லும் பாதை) இருக்கிறது, விலை என்ன என்ற இரண்டையுமே முதலில் கேட்கிறார்கள். உதிரி ஜாப்களை ஒன்றிரண்டு எண்ணிக்கையில் செய்து கொடுக்கும் பட்டறைக்கு அந்த மென்பொருளில் அதிகம் உழைத்துக் கொடுக்கும் பகுதி ஸ்டாக் மாடல் என்பது என் மதிப்பீடு. ஆனால் அதில் நாம் வரையறுக்கும் ஸ்டாக், அதாவது வெட்டப்படும் மூல உலோகத்தின் உருவம், வைஸில் கட்டப்போகும் உண்மையான துண்டை ஒத்திருந்தால்தான் அந்த உழைப்பு நமக்குக் கிடைக்கும்.

இதில் ஸ்டாக்கை வரையறுக்க இரண்டு இடங்கள் உள்ளன. மெஷின் குரூப்பின் கீழ் வரும் ஸ்டாக் செட்டப், வெரிஃபை எனும் ஒத்திகைத் திரையில் வெட்டுவதற்கான தொடக்க உருவத்தைக் கொடுக்கிறது. செவ்வகக் கட்டை, சிலிண்டர், ஒரு சாலிட் (முப்பரிமாண மாதிரி), அல்லது வெளியிலிருந்து வரும் எஸ்.டி.எல். (முக்கோணங்களாலான முப்பரிமாண உருவம்) கோப்பு என எதையும் அங்கே வைக்கலாம். ஸ்டாக் மாடல் என்பது வேறு. அது டூல்பாத் பட்டியலிலேயே ஓர் ஆபரேஷனாக உட்கார்ந்துகொண்டு, தனக்கு மேலே உள்ள ஆபரேஷன்களில் நாம் சுட்டியவை வெட்டி முடித்த பின் எஞ்சும் உலோகத்தின் உருவத்தைக் கணக்கிட்டு வைத்துக்கொள்கிறது. அது ஜி-கோடு (இயந்திரத்துக்கான கட்டளை வரிகள்) எதையும் எழுதாது. அடுத்து வரும் ரஃபிங் (முதற்கட்டக் கரடு வெட்டு) டூல்பாத், 20 மி.மீ. கட்டர் நுழைய முடியாத மூலைகளை மட்டும் 8 மி.மீ. கட்டரால் எடுக்க வேண்டுமென்றால், இந்த ஸ்டாக் மாடலை ஆதாரமாகக் காட்டினால் போதும். வெற்றுவெளியில் கட்டர் சுற்றிக்கொண்டிருக்கும் நேரம் பெருமளவு குறைந்துவிடுகிறது.

செவ்வகப் பிளேட்டில் வேலை செய்பவர்களுக்குப் பாகத்தைச் சுற்றிப் பெட்டி வரையும் பவுண்டிங் பாக்ஸ் வசதியே போதுமானது. அதுவும் கேஸ் கட்டிங் (வாயுச் சுடரால் அறுத்தல்) செய்து வந்த பிளேட்டாக இருந்தால், விளிம்பின் சாய்வையும் அளந்து சேர்த்துக்கொள்ள வேண்டும்.

காஸ்டிங்கில்தான், அதாவது வார்ப்பில்தான், இந்த வசதியின் அருமையும் ஆபத்தும் தெரிகின்றன. ரசாயன ஆலைக்கான ஒரு பம்ப் பாகம் எஸ்.எஸ். 316 (ஒருவகைத் துருப்பிடிக்காத எஃகு) காஸ்டிங்காக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முடிந்த பாகத்தைச் சுற்றி ஒரு கட்டையைப் போட்டு வெரிஃபை ஓட்டினால் திரையில் எல்லாம் அழகாக வெட்டப்பட்டு முடிந்துவிடும். ஆனால் அறுத்த பின்னும் நீட்டிக்கொண்டிருக்கும் ரைசரின் (வார்ப்புக்கு உருகிய உலோகத்தை ஊட்டும் தண்டு) அடிக்கட்டை அந்தக் கட்டைக்கு வெளியே இருந்தால், ரேபிட் (வெட்டாமல் வேகமாக இடம் மாறும்) நகர்வில் கட்டர் அதில் மோதுவதை மென்பொருள் அறியவே அறியாது. ஆகவே பாகத்தின் சாலிடை நகலெடுத்து, மெஷினிங் வரும் முகங்களை மட்டும் புஷ்-புல் மூலம் காஸ்டிங் அலவன்ஸ் (வெட்டுவதற்காக விடும் கூடுதல் உலோகம்) அளவுக்கு வெளியே இழுத்து, ரைசர் இருக்கும் இடத்தில் ஒரு சிலிண்டரைச் சேர்த்து, அதையே ஸ்டாக்காகக் கொடுப்பது நல்லது. இதற்கு ஆகும் நேரத்தை நான் செலவாகக் கருதவில்லை.

ஒரே லாட்டில் வரும் காஸ்டிங்குகள் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதால், இரண்டு ஸ்டாக் மாடல்களை வைத்துக்கொள்ளும்படி வற்புறுத்துவேன். லாட்டில் அளந்ததில் மிகப் பெரிய துண்டை ஒத்த ஸ்டாக், மோதலையும் முதல் வெட்டின் ஆழத்தையும் சோதிப்பதற்கு. மிகச் சிறிய துண்டை ஒத்தது, ஃபினிஷிங் முடிந்த பின் எங்காவது வெட்டப்படாத கறுப்புத் தோல் மிச்சமிருக்குமா என்று பார்ப்பதற்கு. எஸ்.எஸ். 316 உராய்ந்தால் மேற்பரப்பு இறுகிவிடும் உலோகம். கட்டர் வெட்டாமல் தேய்த்துக்கொண்டு போகும் இடம் இருக்குமானால், அதை முன்கூட்டியே காட்டிக்கொடுப்பது இந்த இரண்டாவது ஸ்டாக்தான். ஒரே ஸ்டாக்கால் இரண்டு கேள்விக்கும் பதில் தேடுபவர்களுக்கு இரண்டிலுமே அரைகுறைப் பதில்தான் கிடைக்கும்.

பாகத்தைத் திருப்பிப் போடும் இரண்டாவது செட்டப்புக்கு, முதல் செட்டப்பின் வெரிஃபை முடிவை எஸ்.டி.எல். ஆகச் சேமித்து எடுத்து வைப்பது பலரின் பழக்கம். அந்தக் கோப்பு சேமித்த நேரத்து உருவத்திலேயே நின்றுவிடுகிறது. முதல் செட்டப்பில் பாக்கெட் ஆழத்தை மாற்றினால் அதற்குத் தெரியாது. ஸ்டாக் மாடலோ மூல ஆபரேஷன் மாறியவுடன் காலாவதியானதாகக் குறியிடப்பட்டு, மறுபடி கணக்கிடும்படி நம்மைக் கேட்கிறது. வாடிக்கையாளர் டிராயிங்கை இடையில் திருத்தி அனுப்பும் நம் ஊர் வேலைமுறைக்கு இந்த ஒரு குணமே பெரிய பாதுகாப்பு.

டாலரன்ஸ் (கணக்கீட்டில் அனுமதிக்கும் பிழை அளவு) பெட்டியைப் பலர் தொடுவதே இல்லை. ஃபினிஷிங்கிற்காக 0.3 மி.மீ. விட்டிருக்கும்போது ஸ்டாக் மாடலின் டாலரன்ஸ் அதற்கு நெருக்கமாக இருந்தால், மென்பொருள் காட்டும் மிச்சம் உண்மையான மிச்சமா, கணக்கீட்டின் சொரசொரப்பா என்று பிரித்தறிய முடியாது. விட்டுவைத்த அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் நான் வைக்கிறேன். இன்னும் நுண்ணியதாக வைத்தால் கணக்கீடு இழுக்கும். பழைய கணினியில் இது நிஜமான குறைபாடு, பின்னணியில் ஓடுகிறது என்பது மட்டுமே ஆறுதல்.

வெரிஃபை சோதிப்பது டூல்பாத்தை. டூல்பாத்தை இயந்திரத்தின் மொழிக்கு மாற்றும் போஸ்ட் பிராசஸர் எழுதித் தரும் ஜி-கோடை அன்று. ஒர்க் ஆஃப்செட்டை (இயந்திரத்தில் பாகத்தின் தொடக்கப் புள்ளி) தவறாகக் கொடுத்தாலோ, டூல் நீளத்தை ஆபரேட்டர் மாற்றிப் பதிந்தாலோ, ஜி0 எனும் ரேபிட் நகர்வில் கன்ட்ரோல் ஒவ்வொரு அச்சையும் அதனதன் வேகத்தில் விட்டு நேர்க்கோட்டிலிருந்து விலகிப் போனாலோ, ஸ்டாக்கை எவ்வளவு துல்லியமாக வரைந்திருந்தாலும் திரை எச்சரிக்காமல் போகலாம். கட்டரைப் பிடிக்கும் ஹோல்டரையும் வைஸ் தாடையையும் வரையறுக்காமல் விட்டால் அவற்றின் மோதலும் பிடிபடாது. முதல் துண்டை சிங்கிள் பிளாக்கில் (ஒவ்வொரு கட்டளை வரியாக), ரேபிட் வேகத்தைக் குறைத்து ஓட்டும் வழக்கத்தை இந்த மென்பொருளை நம்பி யாரும் கைவிடக் கூடாது.

தட்டையான பிளேட்டும் துளையுமே வேலை என்றால் இந்த வசதிக்காகத் தனியாகப் பணம் போடத் தேவையில்லை. ஃப்ரீகேட் போன்ற இலவச மென்பொருளிலும் கட்டை, சிலிண்டர், சாலிட் ஆகியவற்றை ஸ்டாக்காக வைத்துப் பார்க்க முடிகிறது. காஸ்டிங், ஃபோர்ஜிங், இரண்டு மூன்று செட்டப் வேலைகள் உள்ளவர்களுக்கு மாஸ்டர்கேமைப் பரிந்துரைக்கிறேன். வாங்குவதற்கு முன் விற்பனையாளரின் மாதிரிப் பாகத்தில் செயல்விளக்கம் பார்க்காமல், உங்கள் பட்டறையில் அதிகம் தொல்லை தரும் காஸ்டிங்கின் டிராயிங்கையும் அளவுகளையும் கொண்டுபோய், இரண்டாவது செட்டப் வரை ஸ்டாக் மாடல் வைத்துச் செய்து காட்டச் சொல்லுங்கள்.